சாவா மூவாப் பேராடும் கடைசி டேனியரும்: காவிரிப் படுகையின் விசித்திர வரலாறு

"விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தஞ்சாவூர், தரங்கம்பாடிப் பக்கம் போகிறோம். பாடப்புத்தகத்தில் உள்ள போரும் ஆண்டும் அவர்களுக்கு அலுத்துவிட்டன. காவிரிப் படுகையில் விசித்திரமான, கேட்டால் சிரிப்பு வரக்கூடிய, ஆனால் உண்மையிலேயே நடந்த நிகழ்வுகள் உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நிறையவே உண்டு. எழுதிவைக்கும் வழக்கம் இந்த மண்ணில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக விடாமல் இருந்து வந்திருப்பதால், கல்லிலும் செப்பேட்டிலும், பின்னால் கடல் கடந்து வந்தவர்களின் கடிதங்களிலும் கணக்குகளிலும் பதிவானவற்றை வைத்தே பல நாள் கதை சொல்லலாம். கற்பனை கலக்க வேண்டிய தேவையே இல்லை. அவற்றில் ஒரு வகை எனக்கு மிகவும் பிடித்தது. ஒருவர் ஓலையிலோ பத்திரத்திலோ ஒன்றை உறுதியாக எழுதிவைக்கிறார். நடப்பதோ முற்றிலும் வேறொன்றாக இருக்கிறது. அந்த வகையைச் சேர்ந்தவற்றையே பெரும்பாலும் இங்கே சொல்கிறேன்.

முதலில் ஒதுக்க வேண்டியவற்றை ஒதுக்கிவிடுவோம். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பது உண்மையன்று. மாலை வெயிலில் திருச்சுற்றில் நின்றால் நிழல் நீண்டு கிடப்பதை எவரும் பார்க்கலாம். அதே விமானத்தின் வடபுறத்தில், தொப்பி அணிந்த ஐரோப்பியர் ஒருவரின் உருவம் இருக்கிறது. வெள்ளையர் வரப்போவதை ராசராசன் முன்கூட்டியே அறிந்து அதை அமைத்தான் என்று சுற்றிக்காட்டுவோர் சிலர் இன்றும் சொல்கிறார்கள். அது சுதையால் ஆன உருவம். 1010-இல் கட்டி முடிக்கப்பட்ட கருங்கல் விமானத்தில், நாயக்கர் அல்லது மராத்தியர் காலத்துத் திருப்பணியின்போது சேர்க்கப்பட்டது. தீர்க்கதரிசனக் கதையை விட உண்மை எனக்குச் சுவையாகவே படுகிறது. கோயிலைப் புதுப்பித்த கொத்தனார்கள், தம் காலத்தில் கடற்கரையில் நடமாடிய ஒரு புதுவகை மனிதரையும் தேவர்கள், பூதகணங்கள் வரிசையில் ஓர் இடம் கொடுத்து உட்கார வைத்துவிட்டார்கள். அந்தத் தொப்பியைப் பிள்ளைகளையே தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

பெரிய கோயிலில் படிக்க வேண்டியது அதன் அடித்தளம் முழுவதும் ஓடும் கல்வெட்டுகளைத்தான். கோயிலில் ஆடிப்பாடிப் பணிசெய்த நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள், அவர்கள் எந்தக் கோயிலிலிருந்து அழைத்துவரப்பட்டார்கள், தெருவின் எந்தச் சிறகில் (வரிசையில்) எத்தனையாவது வீட்டில் குடியமர்த்தப்பட்டார்கள் என்பது வரை அங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது. ஒருவருக்கு ஒரு பங்கு; ஒரு பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய தெருவின் முகவரிப் பட்டியல் அது. ஆனால் பிள்ளைகளுக்குப் பிடிக்கப்போவது ஆடுகளின் கணக்கு. கோயிலில் ஒரு விளக்கு அணையாமல் எரிய வேண்டுமானால், அதற்கு 96 ஆடுகளை விடவேண்டும். ஆடு இல்லையென்றால் 48 பசு, அல்லது 16 எருமை. இவற்றைப் பெற்றுக்கொள்ளும் இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய்யைக் கோயிலுக்கு அளந்துவிட வேண்டும். சோழர் காலக் கல்வெட்டுகள் பலவற்றில் இந்த ஆடுகளுக்கு ஓர் அருமையான பெயர் வருகிறது: சாவா மூவாப் பேராடு. சாகாத, மூப்படையாத ஆடுகளாம்! உயிருள்ள ஆடு சாகாமல் இருக்குமா என்று எந்தக் குழந்தையும் கேட்கும். கிழடு போனால் குட்டி வந்து சேரும், இறந்ததற்கு ஈடாக வேறொன்றை இடையர் நிறுத்த வேண்டும், ஆகவே கணக்கில் எந்த நாளிலும் தொண்ணூற்றாறு இருக்கும். வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட்ட முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் எடுப்பதைப் போன்ற ஏற்பாடுதான் இது. மந்தையில் உள்ளவை சாகும். பத்திரத்தில் உள்ளவை சாகா. கல்லில் வெட்டியவர் இதை முழு நம்பிக்கையோடு "சந்திராதித்தவல்", அதாவது சந்திரனும் சூரியனும் உள்ளவரை என்று முடித்துவைத்தார்.

தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்திற்குப் போனால் ஒரு வாயிற்காவலரைத் தவறாமல் பாருங்கள். நம் பக்கத்துத் துவாரபாலகர்களிலிருந்து அவர் வேறுபட்டிருப்பதை முகமும் அணிகலனும் உடனே காட்டிவிடும். சாளுக்கியரின் கல்யாணபுரத்தை முதலாம் ராசாதிராசன் எறிந்தபோது அங்கிருந்து கொண்டுவந்த சிலை அது. அந்தச் செய்தியை அதன் பீடத்திலேயே தமிழில் வெட்டிவைத்திருக்கிறார்கள். பிறகு தாராசுரம் கோயிலில் நின்றிருந்து, இப்போது கலைக்கூடத்தில் நிற்கிறார். எதிரியின் வாசலைக் காத்துக்கொண்டிருந்தவரைப் பெயர்த்து வந்து, அவர் காலடியிலேயே அவர் பிடிபட்ட கதையையும் எழுதி, நம் ஊரில் நிறுத்திக்கொண்டார்கள்.

இந்தப் பெருமிதத்துக்கு எதிரான ஒரு செய்தி சீனத்தில் இருக்கிறது. தமிழ் வாசகர்களில் பலர் அதை அறிந்திருக்கமாட்டார்கள். 1025-ஆம் ஆண்டளவில் ராசேந்திர சோழனின் கப்பற்படை சுமத்திராவின் ஸ்ரீவிசய அரசைத் தாக்கி அதன் அரசனைச் சிறைப்பிடித்தது என்பதை நாம் பாடத்தில் படித்திருக்கிறோம். 1077-இல் சோழ நாட்டிலிருந்து 72 பேர் கொண்ட தூதுக்குழு சீனத்துக்குப் போய், காணிக்கை கொடுத்து, 81,800 சரம் செப்புக்காசு பரிசாகப் பெற்றுத் திரும்பியது. இவ்வளவுக்கும் பிறகு, 1106-இல் பர்மாவின் பகான் நாட்டுத் தூதர்கள் சீன அரசவைக்கு வந்தபோது, அவர்களை எந்தத் தகுதியில் வரவேற்பது என்ற கேள்வி எழுந்தது. சோழரை நடத்திய அதே முறையில் நடத்தலாம் என்று பேரரசர் சொல்ல, சோழ நாடு ஸ்ரீவிசயத்துக்கு அடங்கிய நாடு, ஆகவேதான் அதன் அரசனுக்கு எழுதும்போது சாதாரணத் தடித்த தாளில் எழுதி வெற்று உறையில் வைத்து அனுப்பினோம், பகான் அரசரோ பெரிய நாட்டின் மன்னர், அவருக்கு அது போதாது என்று சடங்குத் துறையினர் மறுத்துவிட்டார்கள். வென்றவன் தோற்றவனுக்கு அடங்கியவன் என்று சீன அலுவலகக் கோப்பில் பதிவாகிவிட்டது! கடாரம் கொண்டவன் என்று கல்லில் வெட்டியதைச் சீனத்து எழுத்தர்கள் படிக்கவில்லை. இடையில் வணிகம் செய்தவர்கள் சொன்னதையே அவர்கள் எழுதிக்கொண்டார்கள் என்று கொள்வதே பொருத்தம்.

இனித் தரங்கம்பாடி. உங்கள் பயணத்தில் அதிக நேரத்தை இங்கே செலவிடுங்கள் என்பேன், ஏனென்றால் இவ்வளவு சிறிய ஊரில் இவ்வளவு விசித்திரங்கள் படுகையில் வேறெங்கும் இல்லை.

டென்மார்க்கு நாட்டவரான டேனியர் தரங்கம்பாடிக்கு வந்ததே ஒரு தவறான பத்திரத்தால்தான். போஷௌவர் என்ற டச்சு வணிகர், கண்டி அரசரின் தூதராகத் தம்மைச் சொல்லிக்கொண்டு, இளவரசர் என்ற பட்டத்தோடு கோபன்ஹேகனுக்குப் போய்ச் சேர்ந்தார். போர்த்துகீசியரை விரட்டப் படை அனுப்பினால் இலங்கையின் வணிகம் உங்களுக்கே என்று அவர் உறுதி கூற, டேனிய மன்னர் நான்காம் கிறிஸ்டியான் 1618-இல் உடன்படிக்கை செய்துகொண்டு, 24 வயதுகூட நிறையாத ஓவே கெட்டே என்பவரின் தலைமையில் கப்பல்களை அனுப்பினார். பயணம் ஒன்றரை ஆண்டு நீண்டது, மாலுமிகளில் பெரும் பகுதியினர் வழியிலேயே இறந்தார்கள், போஷௌவரும் இறந்துவிட்டார். எஞ்சியவர்கள் 1620-இல் இலங்கையில் இறங்கி உடன்படிக்கையை நீட்டியபோது, இப்படி ஒரு வாக்குறுதியை நான் யாருக்கும் கொடுக்கச் சொல்லவில்லை என்று கண்டி அரசர் கையை விரித்துவிட்டார்.

அந்தக் கப்பல்களுக்கு முன்னோடியாக வந்த வேறொரு கப்பலின் கதி அதைவிட மோசம். ரோலண்ட் கிராப்பே என்பவர் பொறுப்பில் வந்த அதைக் காரைக்கால் அருகே போர்த்துகீசியர் தாக்கி அழித்தார்கள். கிராப்பேயும் பதின்மூன்று பேரும் உயிர்தப்பிக் கரையேறி, தஞ்சை நாயக்கர் இரகுநாதரின் அவையை அடைந்தார்கள். அதாவது, விருந்தாளியாக அழைக்கப்பட்டதாக நம்பியவர்களுக்கு இலங்கையில் கதவு அடைபட்டது. அகதியாக வந்து சேர்ந்தவருக்குத் தஞ்சையில் கதவு திறந்தது. கிராப்பே பேசிவைத்ததன் பேரில் கெட்டே தஞ்சாவூருக்கு வந்தார். 1620 நவம்பரில் தரங்கம்பாடியில் கோட்டை கட்டிக்கொள்ள உடன்பாடு ஆயிற்று. இரகுநாதர் டேனிய மன்னருக்குத் தங்க ஏட்டில் தமிழில் ஒரு கடிதம் எழுதித் தெலுங்கில் கையொப்பமிட்டு அனுப்பினார். அந்த ஏடு இன்றும் கோபன்ஹேகனில் பாதுகாக்கப்படுகிறது. தெலுங்கு பேசும் அரசர், தமிழ்க் கடிதம், தங்க ஏடு, டேனிய மன்னர் என்று நினைத்துப்பார்த்தாலே வியப்பாக இருக்கிறது.

கோட்டையில் தொடக்கக் காலத்தில் பணிபுரிந்தவர்களில் யோன் ஓலாப்சன் என்ற ஐஸ்லாந்துக்காரரும் ஒருவர். பனித்தீவில் பிறந்த அவர் 1623-இல் பீரங்கிப்படை வீரராகத் தரங்கம்பாடிக்கு வந்து, வெடிமருந்து விபத்தில் படுகாயம் பட்டு மறு ஆண்டே திருப்பி அனுப்பப்பட்டார். பிழைத்து ஊர் சேர்ந்து, முதுமையில் தம் நினைவுகளை ஐஸ்லாந்து மொழியில் எழுதினார். பதினேழாம் நூற்றாண்டுச் சோழமண்டலக் கடற்கரையின் கோயில்களையும் திருவிழாக்களையும் பற்றி ஐஸ்லாந்து மொழியில் ஒரு நேரடிச் சாட்சியம் இருப்பது இந்த வகையில்தான்.

இப்போது நான் சொல்ல மிகவும் விரும்பும் நிகழ்வுக்கு வருகிறேன். தரங்கம்பாடி வணிகத்தை நடத்திய டேனியக் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கிய நாள் முதலே நட்டத்தில் ஓடியது. ஆனாலும் வங்காளத்தில் தம் கப்பல்களுக்கு நேர்ந்த இழப்புகளைக் காரணம் காட்டி, 1642-இல் அது முகலாயப் பேரரசின் மீது போர் அறிவித்தது. ஓரிரு கப்பலும் ஒரு சின்னக் கோட்டையும் வைத்துக்கொண்டிருந்த கம்பெனி, ஷாஜகானின் பேரரசோடு போரில் இருப்பதாகத் தாளில் எழுதிக்கொண்டது. 1698 வரை அந்தப் போர் முறைப்படி முடிக்கப்படவும் இல்லை. இதற்கிடையில் ஐரோப்பாவில் போர்களால் டென்மார்க்கு நொடித்துப்போனது. ஆதரித்த மன்னர் 1648-இல் இறந்தார். 1650-இல் கம்பெனியையே கலைத்துவிட்டார்கள். 1639-இல் புறப்பட்டவற்றுக்குப் பிறகு தாய்நாட்டிலிருந்து கப்பலே வரவில்லை. தரங்கம்பாடியில் இருந்த டேனியர்கள் காய்ச்சலிலும் முதுமையிலும் ஒவ்வொருவராக மறைந்தார்கள். 1655-இல் தலைவரும் இறந்தபோது, பொறுப்பு எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கா என்ற எளிய மனிதரின் தலையில் விழுந்தது. அவர் பிரபுவும் அல்லர், படித்த வணிகரும் அல்லர். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றே பதிவுகள் சொல்கின்றன. சில காலத்தில் கோட்டையில் மிஞ்சிய டேனியர் அவர் ஒருவரே ஆனார்.

பதினான்கு ஆண்டுகள் அந்த மனிதர் அங்கே டென்மார்க்காக நின்றார்! நாயக்கருக்குக் கட்ட வேண்டிய ஆண்டுத் தொகை பாக்கி விழுந்தபோது தஞ்சைப் படை வந்து முற்றுகையிட்டது. உள்ளூர் ஆட்களை வைத்துக்கொண்டு அவர் தாக்குப்பிடித்தார். கையில் காசில்லாதபோது, முகலாயரோடு நமக்குப் போர் நடக்கிறதல்லவா என்ற பழைய அறிவிப்பைத் துணைகொண்டு, வங்காள விரிகுடாவில் போன கப்பல்களைப் பிடித்துச் சரக்கை விற்றார். அந்தப் பணத்தில் ஊரைச் சுற்றி மதில் கட்டினார். நாயக்கரோடு சமாதானமும் பேசி முடித்தார். வேற்று நாட்டுக் கப்பல்களில் தகவல் அனுப்பிக்கொண்டே இருந்தார். பிடித்தவற்றில் முகலாயருக்குத் தொடர்பில்லாத வணிகர்களின் பொருளும் இருந்திருக்கும். அதை நாம் மறைக்கத் தேவையில்லை. இருந்தாலும், சம்பளம் வராமல், உத்தரவு வராமல், தன் அரசு தன்னை மறந்துவிட்டதா என்பதே தெரியாமல் ஒருவர் இப்படிக் கடமையில் நின்றது எனக்கு எப்போதும் வியப்பைத் தருகிறது. இதில் இன்னொன்றும் உண்டு. அவர் பெயரோடு ஒட்டியிருக்கும் கோங்ஸ்பாக்கா என்ற ஊர், அவர் இங்கே டேனியக் கொடியைக் காத்துக்கொண்டிருந்த அதே காலத்தில், 1658 உடன்படிக்கையின்படி நிலையாகச் சுவீடனுக்குப் போய்விட்டது.

ஒருவழியாக 1669 மே மாதத்தில் 'ஃபேரோ' என்ற டேனியக் கப்பல் தரங்கம்பாடிக்கு முன்னால் நங்கூரம் போட்டது. அதில் அவரைக் கோட்டைத் தலைவராக உறுதிசெய்யும் முறைப்படியான ஆணை வந்திருந்தது. பதினான்கு ஆண்டு வேலை பார்த்த பிறகு நியமன உத்தரவு கைக்குக் கிடைத்தது என்றால், அரசுப் பணியில் இருக்கும் நம் வாசகர்களுக்கு அதன் அருமை புரியும்.

தரங்கம்பாடி அச்சுக்கூடத்தின் கதையும் இதே ஊருக்குரியது. 1706 ஜூலையில் சமயம் பரப்ப இங்கே வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு, தமிழ் கற்பதற்காக ஒரு திண்ணைப் பள்ளி ஆசிரியரைத் தம் வீட்டிலேயே பள்ளியை நடத்தச் சொல்லி, சிறுவர்களோடு சிறுவராக உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்துப் பழகினார். கோட்டைத் தலைவரோடு ஏற்பட்ட பூசலில் டேனியர் கட்டிய அதே கோட்டையான டேன்ஸ்போர்க்கில் நான்கு மாதம் சிறையும் இருந்தார். அவருக்காக இங்கிலாந்திலிருந்து ஓர் அச்சுப்பொறியும் அதை இயக்க ஓர் அச்சரும் அனுப்பப்பட்டார்கள். போகும் வழியில் பிரேசிலின் ரியோ துறைமுகத்தில் பிரெஞ்சுக்காரர்களிடம் கப்பல் சிக்கியது. அடித்தளத்தில் கிடந்த அச்சுப்பொறி தப்பியது. மீண்டும் புறப்பட்ட பயணத்தில் அச்சர் இறந்துபோனார். ஆகவே 1712-இல் பொறி மட்டும் தனியாக வந்து சேர்ந்தது. கோட்டைக் காவற்படையில் அச்சுவேலை தெரிந்த சிப்பாய் ஒருவர் இருந்ததால் அது ஓடத் தொடங்கியது.

அடுத்த ஆண்டு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகள் வார்க்கப்பட்டு வந்தன. இங்கிருந்து எழுதி அனுப்பிய மாதிரியைப் பார்த்து, தமிழே தெரியாதவர்கள் வார்த்த எழுத்துகள் அவை. உருவம் நன்றாகவே வந்திருந்தாலும் அளவு மிகப் பெரிது. அந்த எழுத்தில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் காகிதம் கட்டுப்படியாகாது, காகிதமும் ஐரோப்பாவிலிருந்துதான் கப்பலில் வர வேண்டும். சிறிய எழுத்து வார்க்க ஈயத்துக்கு எங்கே போவது? இங்கிலாந்திலிருந்து நண்பர்கள் பாலாடைக்கட்டி அனுப்பியிருந்தார்கள். கடற்பயணத்தில் கெடாமல் இருக்க அதை ஈயத் தகட்டில் பொதிந்து அனுப்புவது வழக்கம். அந்தத் தகடுகளை உருக்கித்தான் ஆட்லர் என்ற வார்ப்புக் கலைஞர் தரங்கம்பாடியிலேயே சிறிய தமிழ் எழுத்துகளை வார்த்தார். 1715-இல் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சேறியது. தமிழ் அச்சின் வளர்ச்சியில் செஷயர் பாலாடைக்கட்டிக்கு ஒரு பங்கு உண்டு என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் அதுவே நடந்தது. காகிதத் தட்டுப்பாட்டைத் தீர்க்கப் பக்கத்திலுள்ள பொறையாற்றில் ஒரு காகித ஆலையும் தொடங்கிப் பார்த்தார்கள்.

சீகன்பால்கு செய்த இன்னொரு பெரிய வேலை, நம் தெய்வங்களையும் வழிபாடுகளையும் பற்றி ஊராரைக் கேட்டு, தமிழ் நூல்களைப் படித்து, 1713-இல் எழுதி முடித்த விரிவான நூல். அதை ஹாலேவுக்கு அனுப்பியபோது, உங்களை அனுப்பியது அந்தச் சமயத்தை அங்கே ஒழிக்கத்தானே தவிர, அதை ஐரோப்பாவில் பரப்புவதற்கு அன்று என்ற கருத்தில் அவருடைய மேலாளர் பதில் சொல்லி, கையெழுத்துப்படியை மூலையில் போட்டுவிட்டார். அது 1867-இல்தான், அதுவும் ஜெர்மனியில் அல்லாமல் சென்னையில், அச்சில் வந்தது. சமயம் மாற்ற வந்தவர் எழுதியது இன்று அக்காலத்துத் தமிழ்நாட்டுக் கிராம தெய்வ வழிபாட்டை அறிய அரிய சான்றாக நிற்கிறது.

கடற்கரையோரமாகவே இன்னும் சற்று நடந்தால், தன்னிடம் இல்லாத ஊர்களை எழுதிக்கொடுத்த ஓர் அரசரைச் சந்திக்கலாம். நாயக்கருக்குப் பின் தஞ்சையை ஆண்ட மராத்திய மன்னர்களில் ஒருவரான துக்கோஜி 1736-இல் இறந்த பின்னர்த் தஞ்சை அரியணையில் மூன்றாண்டுக்குள் பலர் ஏறி இறங்கினார்கள். அவர்களில் ஒருவரான சாகுஜி 1738-இல் துரத்தப்பட்டுச் சிதம்பரத்தில் ஒதுங்கியிருந்தபோது, எனக்கு உதவினால் காரைக்காலைத் தருகிறேன் என்று புதுச்சேரி ஆளுநர் தியூமாவுக்கு எழுதிக்கொடுத்தார். பிரெஞ்சுக் கப்பல்கள் காரைக்காலுக்கு வந்து சேர்வதற்குள் அவர் வேறு வழியில் அரியணையை மீட்டுக்கொண்டு, இனி உங்கள் உதவி வேண்டாம், ஊரும் கிடையாது என்றுவிட்டார். பிரெஞ்சுக்காரரின் நண்பரான சந்தா சாகிப்பின் படை காரைக்காலைப் பிடித்துக் கொடுக்க, 1739 பிப்ரவரியில் பிரெஞ்சுக்காரர் அங்கே அமர்ந்தார்கள். அதே ஆண்டில் சாகுஜியை இறக்கிவிட்டுப் பிரதாப சிங் ஆட்சிக்கு வந்தார்.

பத்து ஆண்டு கழித்து, 1749-இல், அதே சாகுஜி கடலூர்ப் புனித டேவிட் கோட்டைக்குப் போய் ஆங்கிலேயரிடம் அதே பேச்சைப் பேசினார்: அரியணையில் ஏற்றுங்கள், கொள்ளிட முகத்துவாரத்தில் உள்ள தேவிக்கோட்டையைத் தருகிறேன், படைச் செலவும் என்னுடையது. அவர் எல்லைக்குள் நுழைந்தால் மக்கள் திரண்டு வருவார்கள் என்று ஆங்கிலேயர் நம்பினார்கள். ஏப்ரலில் முதற்படை புறப்பட்டபோது பெரும்புயல் வீசி, 'நாமூர்' என்ற பெரிய போர்க்கப்பல் உட்படக் கப்பல்கள் மூழ்கின. படை கொள்ளிடக்கரையை அடைந்தபோது மக்கள் ஒருவரும் சாகுஜியின் பக்கம் வரவில்லை. திரும்பிப்போன அவர்கள் ஜூனில் மேஜர் லாரன்சின் தலைமையில் மறுபடி வந்தார்கள். கோட்டைக்கும் தமக்கும் நடுவில் ஓடிய ஆற்றைக் கடக்கக் கப்பல் தச்சர் ஒருவர் பெரிய தெப்பம் கட்டி, இரவில் நீந்திப்போய் அக்கரை மரத்தில் கயிறு கட்டிவிட்டு வந்தார். தாக்குதலில் முன்னணியில் போன சிறுபடையில் தப்பியவர் மிகச் சிலர்; அவர்களில் ஒருவர் இராபர்ட் கிளைவ் என்ற இளைஞர். தஞ்சைக் குதிரைவீரன் ஒருவனின் வாள் அன்று இன்னும் சற்று நீண்டிருந்தால் பிளாசியின் கதை எப்படிப் போயிருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடிவதில்லை.

கோட்டை விழுந்தது. அதன்பின் நடந்ததுதான் விசித்திரம். பிரதாப சிங் தேவிக்கோட்டையையும் சுற்றியுள்ள நிலத்தையும் போர்ச் செலவையும் கொடுத்துச் சமாதானம் பேசினார். ஆங்கிலேயர் அவரையே முறையான அரசராக ஏற்றுக்கொண்டார்கள். யாரை அரியணையில் ஏற்றப் படை புறப்பட்டதோ அந்தச் சாகுஜிக்கு ஆண்டுதோறும் ஒரு சிறு தொகை. அவர் இனித் தஞ்சைக்குத் தொல்லை தராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஆங்கிலேயருக்கு. இந்திய மன்னர் ஒருவரின் வாரிசுச் சண்டையில் ஆங்கிலக் கம்பெனி படையோடு தலையிட்ட முதல் நிகழ்வுகளுள் ஒன்று இப்படித்தான் முடிந்தது.

எழுத்தில் கொடுத்த வாக்குகள் இவ்வளவு மலிந்த ஊரில், வெறும் வாய்ச்சொல்லுக்கு இருந்த மதிப்பையும் சொல்ல வேண்டும். ஐதர் அலியின் படையெடுப்புக் காலத்தில் தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம் வந்தது. வெளியே நெல் இருந்தது. முன்பு கொடுத்ததற்கே பணம் வராததால் குடியானவர்கள் மாடும் தரவில்லை, நெல்லும் தரவில்லை. பணத்துக்கு நான் பொறுப்பு என்று தஞ்சையில் பணிபுரிந்த ஜெர்மானியரான சுவார்ட்சு பாதிரியார் சொன்னார். ஓரிரு நாளில் ஆயிரம் மாடுகள் வந்தன. எண்பதாயிரம் கலம் தானியம் கோட்டைக்குள் போய்ச் சேர்ந்தது. அவரும் எல்லாருக்கும் தம் கையாலேயே பணம் கொடுத்துத் தீர்த்தார்.

அவர் மேற்பார்வையில் வளர்ந்தவர்தான் இரண்டாம் சரபோஜி. அவரைத் துளஜா மன்னர் 1787-இல் தத்தெடுத்தார். அந்தத் தத்து செல்லாது என்று ஒரு முறையும், செல்லும் என்று இன்னொரு முறையும் பண்டிதர்கள் அதே சாத்திரங்களை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்கள். 1798-இல்தான் பட்டம் கிடைத்தது. மறு ஆண்டே நாட்டின் ஆட்சிப் பொறுப்பு ஆங்கிலக் கம்பெனிக்குப் போய்விட, ஆளுவதற்கு நாடில்லாத அரசர் நூல்களிலும் மருத்துவத்திலும் மனத்தைச் செலுத்தினார். அவர் காலத்துக் கண் சிகிச்சைக் குறிப்புகள், நோயாளிகளின் கண்களை வண்ணத்தில் வரைந்த படங்களோடு, சரசுவதி மகால் நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. கேட்டுப் பாருங்கள்.

அவர் கட்டிய மனோராவோடு உங்கள் பயணத்தை முடித்துக்கொள்ளலாம். பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, மல்லிப்பட்டினம் அருகே கடலைப் பார்த்து நிற்கும் எட்டடுக்கு அறுகோணக் கோபுரம் அது. அதில் உள்ள கல்வெட்டு, பிரிட்டிஷ் அரசின் நண்பரும் கூட்டாளியுமான சரபோஜி, பிரிட்டிஷ் படைகளின் வெற்றியையும் போனபார்ட்டின் வீழ்ச்சியையும் நினைவுகூர இதை எழுப்பினார் என்கிறது. நெப்போலியன் காவிரியைப் பார்த்தவரில்லை; மல்லிப்பட்டினத்து மீனவர்கள் நெப்போலியனைக் கேள்விப்பட்டிருக்கவும் வாய்ப்பில்லை. ஆனாலும் அந்தப் போரின் நிழல் இங்கே விழவே செய்தது: டென்மார்க்கு நெப்போலியன் பக்கம் சேர்ந்ததால், 1808 முதல் 1815 வரை தரங்கம்பாடியில் ஆங்கிலக் கொடிதான் பறந்தது. கோங்ஸ்பாக்கா தனியாளாகக் காத்த கோட்டை அது. பின்னர்த் திரும்பக் கிடைத்தும், 1845-இல் வங்காளத்திலுள்ள சேராம்பூரோடு சேர்த்துப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது.

மனோரா வாட்டர்லூ வெற்றிக்காகக் கட்டப்பட்டது என்று பல இடங்களில் எழுதியிருப்பதைப் பார்ப்பீர்கள். வாட்டர்லூப் போர் நடந்தது 1815 ஜூனில். கல்வெட்டில் உள்ள ஆண்டு 1814. அந்த ஆண்டில் நெப்போலியன் முடிதுறந்து எல்பா தீவுக்கு அனுப்பப்பட்டதைத்தான் சரபோஜி வீழ்ச்சி என்று பொறித்தார். மறு ஆண்டு மார்ச்சில் நெப்போலியன் தப்பிவந்து மறுபடியும் பாரிசில் அரியணை ஏறினார். அந்தச் செய்தி கப்பலில் தஞ்சாவூர் வந்து சேர்வதற்குள் வாட்டர்லூவும் முடிந்திருக்கும். ஆகவே கல்வெட்டைத் திருத்த வேண்டிய அவசியம் நேரவில்லை. அந்த ஆண்டைப் பிள்ளைகளிடம் காட்டி, பாடப்புத்தகத்தோடு ஒப்பிட்டு, வேறுபாடு ஏன் என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள்.